ஊர் அடிபம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

ஊராட்சியில் குடிநீர்க் குழு போடும்போது உங்கள் பெயரையும் சேர்த்திருப்பார்கள். அல்லது பம்பு உங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிறது என்பதாலேயே "நீங்களே பார்த்துக்கங்க" என்று சொல்லியிருப்பார்கள். எப்படியோ பொறுப்பு வந்துவிட்டது. ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இல்லை என்றாலும் பரவாயில்லை. இந்த வேலையில் பெரும்பகுதி பார்ப்பதும் எண்ணுவதும் எழுதி வைப்பதும்தான். அடிபம்பு ஒரே நாளில் நிற்பதில்லை. நிற்பதற்குப் பல வாரம் முன்பே தண்ணீர் தாமதமாக வரும், கைப்பிடி ஆடும், செயின் கிறீச்சிடும். அப்போதே கவனித்தால் கிரீஸோடும் ஒரு நட்டோடும் முடிகிற வேலை, விட்டுவிட்டால் பைப்பையே வெளியே எடுக்கிற வேலையாகிவிடும்.

வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு அடிபம்பு எதற்கு என்று குழுவிலேயே யாராவது கேட்பார்கள். குழாய்க்குப் பின்னால் தொட்டி இருக்கிறது, தொட்டிக்குப் பின்னால் மோட்டார், மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவிலும் புதுக்கோட்டைப் பக்கமும் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டபோது, கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆன கிராமங்கள் உண்டு. மேல்நிலைத் தொட்டியை நிரப்ப ஜெனரேட்டர் தேடி அலைந்த அந்த நாட்களைப் பற்றி அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கேள்விக்கு இது போதும்.

உங்கள் பம்பு எது?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தெருவோரம் நிற்பது பெரும்பாலும் இந்தியா மார்க் 2. கான்கிரீட்டில் மூன்று கால் ஊன்றி, மேலே சதுரத் தலையும் நீளக் கைப்பிடியுமாக இருக்கும். 1966-67 வறட்சிக்குப் பிறகு நாடெங்கும் பாறையைத் துளைத்து போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டார்கள். ஆனால் மேலே வைத்தது ஒரு குடும்பம் அடிப்பதற்கென்று செய்த வார்ப்பிரும்பு பம்பு. ஊரே அடித்தால் அது தாங்குமா? 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது முக்கால்வாசி ஓடாமல் கிடந்தன. அதற்குப் பிறகுதான் சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெஃப் உதவியோடு, கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்து, சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலையில் மார்க் 2 தயாரானது. இன்று அதற்கு இந்தியத் தர எண் உண்டு, ஐ.எஸ். 15500 (முன்பு ஐ.எஸ். 9301). உதிரிப் பாகம் வாங்கும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இதன் தம்பி மார்க் 3. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசம் உள்ளே இறங்கும் பைப்பில். மார்க் 2-இல் ஒன்றேகால் இஞ்ச் பைப், அதன் அடியில் தண்ணீரை மேலே தள்ளும் சிலிண்டர் அதைவிடப் பெரிது. எனவே சிலிண்டருக்குள் உள்ள வாஷர் தேய்ந்தால் பைப் முழுவதையும் வெளியே எடுத்தாக வேண்டும். மார்க் 3-இல் பைப் இரண்டரை இஞ்ச், பைப்புக்குள் இறங்கும் ராடை (இரும்புக் கம்பியை) மட்டும் இழுத்தால் வாஷரும் கூடவே வந்துவிடும். உங்கள் ஊரில் இருப்பது எது என்று ஊராட்சிப் பதிவேட்டிலோ பம்பு பழுது பார்க்கும் ஃபிட்டரிடமோ முதலில் கேட்டு வையுங்கள். பழுது வரும்போது எத்தனை ஆள் தேவைப்படும் என்பது இதைப் பொறுத்ததுதான்.

ஆள், ஸ்பேனர், நோட்டு

மார்க் 2 வந்த காலத்தில் தமிழ்நாட்டில் மூன்று அடுக்குப் பராமரிப்பைக் கொண்டுவந்தார்கள். ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு ஃபிட்டர், மாவட்டத்தில் வண்டியும் கருவிகளுமாக ஒரு குழு. இன்று பெயர்கள் மாறியிருக்கலாம், சில இடங்களில் நடு அடுக்கே காணாமல் போயிருக்கலாம். ஆனாலும் வேலை அப்படித்தான் பிரிகிறது. நீங்கள் முதல் அடுக்கு.

பொறுப்பாளராக யாரைப் போடுவது என்பதில் என் கருத்து இது: தினமும் அந்தப் பம்பில் தண்ணீர் எடுக்கிறவர், பம்பு கண்ணில் படுகிற தூரத்தில் வீடு உள்ளவர். பெரும்பாலும் அது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும், அதுதான் சரியும்கூட. கைப்பிடி நேற்றைவிட இன்று லேசாக இருக்கிறது என்பது அவர் கைக்குத்தான் தெரியும். கூட்டத்துக்கு மட்டும் வருகிறவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் விதிமுறைப்படி ஊர்க் குடிநீர்க் குழுவில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பெயருக்கு உட்கார வைக்காமல் ஸ்பேனரை அவர்கள் கையில் கொடுங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊர்த் தெருப் பம்பு கெட்டால் மறுநாளே ஆள் வருவதும், காலனிப் பம்பு கெட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடப்பதும் பல ஊர்களில் நடக்கிறது. ஊரில் ஐந்து பம்பு இருந்தால் ஐந்துக்கும் ஒரே நோட்டு, ஒரே வரிசை.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். 17-19 இரட்டை முனை ஸ்பேனர் இரண்டு, ஒரு கம்பி பிரஷ், ஒரு டப்பா கிராஃபைட் கிரீஸ், பழைய துணி, அவ்வளவுதான். மேலே உள்ள நட்டு போல்ட்டு அத்தனைக்கும் இந்த ஒரு அளவு ஸ்பேனர் போதும்படியாகத்தான் பம்பைச் செய்திருக்கிறார்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் பம்பு வைத்த ஆண்டு, போரின் ஆழம், உள்ளே எத்தனை பைப் இறங்கியிருக்கிறது, கடைசியாக வாஷர் மாற்றிய தேதி, ஃபிட்டரின் போன் நம்பர். பைப் எண்ணிக்கையை மட்டும் எப்படியாவது கண்டுபிடித்து எழுதிவிடுங்கள். பழுது பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

எண்ணிப் பார்க்கும் இரண்டு சோதனை

முதலாவது, குடம் சோதனை. தண்ணீர் சீராக வரத் தொடங்கும்வரை அடியுங்கள். பிறகு குடத்தை வைத்து, ஒரு நிமிடத்தில் 40 முறை, கைப்பிடியை முழுசாக ஏற்றி முழுசாக இறக்கி அடியுங்கள். நன்றாக இருக்கும் மார்க் 2 இந்தக் கணக்கில் சுமார் 15 லிட்டர் தரும், அதாவது ஏறக்குறைய ஒரு பெரிய பிளாஸ்டிக் குடம். 12-க்கு இறங்கினால் நோட்டில் எழுதுங்கள். 10-க்குக் கீழே போனால் ஃபிட்டரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, கசிவுச் சோதனை. இதற்கு அரை மணி நேரம் யாரும் பம்பைத் தொடக் கூடாது. மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கு வைத்துக்கொண்டால் சண்டை வராது. தண்ணீர் வரும்வரை அடித்து நிறுத்துங்கள். அரை மணி கழித்து மறுபடி அடியுங்கள். மூன்றாவது நான்காவது முறைக்குள் தண்ணீர் விழுந்தால் நல்லது. ஐந்தைத் தாண்டினால், பைப்பில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் கீழே இறங்கிப் போயிருக்கிறது என்று பொருள். தண்ணீரைத் திரும்ப இறங்க விடாமல் அடியில் தடுக்கும் ஃபுட் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது பைப்பில் எங்கோ ஓட்டை, அல்லது மரை தளர்ந்திருக்கிறது.

இரண்டு சோதனையையும் மாதம் ஒருமுறை செய்து எண்ணை எழுதுங்கள். ஒரு மாத எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. 15, 15, 14, 12 என்று நான்கு மாதம் இறங்கி வந்தால் வாஷர் தேய்கிறது என்று பக்கமே சொல்லிவிடும். அப்போது கோடைக்கு முன்பே, ஊர் தண்ணீருக்கு அலையாத நேரத்தில், பைப்பை வெளியே ஏற்றி வாஷரை மாற்றிவிடலாம்.

மூடியைத் திறக்கும் நாள்

மாதம் ஒருமுறை தலையின் முன்மூடியைத் திறக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்க வேண்டும், கடைசிவரை விடக் கூடாது. உள்ளே கை வைத்திருக்கும்போது கைப்பிடி சட்டென்று அசைந்தால் செயினுக்கும் இரும்புக்கும் நடுவே விரல் மாட்டும். சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மூடி போல்ட்டைக் கழற்றியதும், கைப்பிடியின் உள்முனையில் வில் போல வளைந்த ஒரு பகுதியும், அதன்மேல் படிந்து கீழே தொங்கும் செயினும் தெரியும். சைக்கிள் செயினைவிடத் தடிமனான கண்ணிகள். செயினின் அடி முனை ராடோடு சேர்கிறது. ஆழத்தில் உள்ள அத்தனை ராடின் எடையும், மேலே வரும் தண்ணீரின் எடையும் இந்தச் செயினில்தான் தொங்குகிறது. அதனால் அவசரப்படாமல் பாருங்கள். கைப்பிடியைப் பிடித்திருப்பவரை மெல்ல ஏற்றி இறக்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணியாகப் பாருங்கள். கண்ணிகள் பளபளவென்று காய்ந்து, பக்கத்தில் செம்மண் நிறத்தில் பொடி படிந்திருந்தால் கிரீஸ் போய்விட்டது. மடங்க வேண்டிய ஒரு கண்ணி விறைத்து நின்றால் துரு ஏறியிருக்கிறது. கண்ணியில் கீறல் தெரிந்தால் அன்றே ஃபிட்டருக்குப் போன் போடுங்கள். செயின் அறுந்தால் எடை முழுவதும் ஒரே அடியாகக் கீழே விழும்.

பழைய அழுக்கைத் துணியால் துடைத்து, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து எடுத்து, செயினின் இரண்டு பக்கமும் கிராஃபைட் கிரீஸைப் பூசுங்கள். செயினுக்கு மட்டும்தான். தலைக்குக் கீழே பம்பிலேயே உள்ள தண்ணீர்த் தொட்டிக்குள் கிரீஸ் சிந்தக் கூடாது, அது குடிக்கிற தண்ணீர். கையில் கிடைத்த தேங்காய் எண்ணெயையோ பழைய இன்ஜின் ஆயிலையோ ஊற்றுகிற வழக்கம் சில ஊரில் இருக்கிறது. இரண்டு நாளில் ஒழுகித் தண்ணீரில் கலந்துவிடும், செயினுக்கும் பிரயோஜனம் இல்லை. அப்புறம் பேரிங்குக்கு கிரீஸ் வைக்க வேண்டாம், அது உள்ளேயே கிரீஸ் அடைத்து வருவது.

அடுத்து நட்டுகள். செயினைக் கைப்பிடியோடு பிணைக்கும் போல்ட்டு, கைப்பிடி சுழலும் அச்சின் நட்டும் அதன்மேல் உள்ள பூட்டு நட்டும், தலையையும் தொட்டியையும் ஸ்டாண்டையும் சேர்க்கும் போல்ட்டுகள், இதே வரிசையில் முறுக்கிப் பாருங்கள். நட்டு காணாமல் போயிருந்தால் அன்றைக்கே போடுங்கள். ஒரு போல்ட்டு குறைந்தால் மற்றவை இன்னும் வேகமாகத் தளரும். கடைசியாகக் கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். நட்டை இறுக்கிய பிறகும் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அது ஃபிட்டர் வேலை.

அடிக்கும் முறையையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் குட்டிக் குட்டியாக வேகவேகமாக அடிப்பார்கள். தண்ணீர் கம்மியாக வரும், தேய்மானம் அதிகம். கைப்பிடியை இடிக்க விடாமல் நிதானமாக முழுசாக அடிக்க வேண்டும். பிள்ளைகள் கைப்பிடியில் தொங்கி ஆடுவதைக் கட்டாயம் நிறுத்துங்கள். கைப்பிடி எகிறித் தாடையில் அடித்தால் பல் போய்விடும்.

மேடையும் சுற்றுப்புறமும்

மேடையில் விரிசல் விழுந்தால் அழுக்குத் தண்ணீர் பைப்பை ஒட்டியே போருக்குள் இறங்கும். சிமென்ட் வைத்து உடனே அடைத்துவிடுங்கள், இதற்குக் கொத்தனார்கூட வேண்டாம். வழிகிற தண்ணீர் வாய்க்கால் வழியாக ஒரு உறிஞ்சுகுழிக்கோ, நாலு வாழைக்கோ போகட்டும். மாட்டைப் பம்பில் கட்டக் கூடாது, மேடைமேல் துணி துவைக்கக் கூடாது. கழிப்பறைக் குழி பம்பிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். புதிதாக யாராவது குழி தோண்டுவது தெரிந்தால் தோண்டும் முன்பே போய்ச் சொல்லுங்கள், மூடிய பிறகு சொல்லிப் பயனில்லை.

எது கெட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது

ஃபிட்டருக்குப் போன் போட்டு "பம்பு வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் எந்தக் கருவியை எடுத்து வருவது என்று அவருக்குத் தெரியாது. கைப்பிடி எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கைப்பிடி காற்றில் ஆட்டுவது போல வழக்கத்தைவிட லேசாக இருக்கிறது, தண்ணீர் சொட்டுக்கூட வரவில்லை என்றால் ராடு எங்கோ கழன்றிருக்கும் அல்லது ஒடிந்திருக்கும். கைப்பிடியில் எடை தெரிகிறது, ஆனால் தண்ணீர் கம்மி என்றால் வாஷர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். செயின் கீழே இறங்கும்போது மடங்கிச் சுருண்டால் உள்ளே வாஷர் இறுக்கமாகப் பிடிக்கிறது. புதிதாக வாஷர் போட்ட கையோடு இது வந்தால் பொருத்தமில்லாத வாஷரைப் போட்டிருக்கிறார்கள்.

கோடையில் ஒரு குழப்பம் வரும். முதல் ஐந்தாறு குடம் நன்றாக வந்து, பிறகு காற்றும் தண்ணீருமாகப் பீறிட்டு, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி நன்றாக வந்தால், பம்பில் கோளாறு இல்லை. போரில் நீர்மட்டம் சிலிண்டருக்கு இறங்கிவிட்டது. வாஷர் தேய்ந்த பம்பு முதல் குடத்திலிருந்தே ஒரே மாதிரி கம்மியாகத் தரும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல வாஷரை மாற்றிவிட்டு, அடுத்த வாரம் மறுபடி புகார் கொடுக்கிறவர்கள் நிறைய. நீர்மட்டம் இறங்கியிருந்தால், போரில் ஆழம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து இன்னும் ஒன்றிரண்டு பைப் சேர்த்து இறக்கலாம்.

தண்ணீர் செந்நிறமாக வந்தால் காலையில் முதல் குடத்தை ஒரு பாட்டிலில் பிடியுங்கள், இருபது குடம் போன பிறகு இன்னொரு பாட்டில். முதலாவது சிவப்பு, இரண்டாவது தெளிவு என்றால் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) துருப்பிடிக்கிறது. இரண்டும் சிவப்பு என்றால் நிலத்தடி நீரிலேயே இரும்பு இருக்கிறது, பைப்பை மாற்றினாலும் போகாது.

பைப்பை ஏற்றும் நாள்

இது ஃபிட்டரின் நாள், நீங்கள் உதவிக்கு. ஒரு பைப் 3 மீட்டர் நீளம். பத்து பைப் இறங்கியிருந்தால் பைப்பும் ராடும் மட்டுமே சுமார் 120 கிலோ, உள்ளே நிற்கும் தண்ணீர் தனி. நான்கைந்து பேராவது வேண்டும். ஆழம் அதிகமென்றால் மேலே நிறுத்தும் மூன்று கால் தாங்கியும் எடை தூக்கும் செயின் பிளாக்கும் வேண்டும். பைப்பைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் இல்லாமல், வெறும் பைப் ரின்ச்சை நம்பி வேலையைத் தொடங்க விடாதீர்கள். கை வழுக்கி பைப் போருக்குள் விழுந்தால், மீட்க முடியாமல் போரையே கைவிட வேண்டிவரலாம்.

வெளியே எடுத்த பைப்பைத் தரையில் போடாமல் கட்டைமேல் அடுக்குங்கள். ஒவ்வொரு பைப்பின் மரையையும் பார்த்து, தேய்ந்ததைத் தனியாக வையுங்கள். வாஷர் மாற்றுகிற நாளிலேயே ஃபுட் வால்வின் ரப்பரையும் மாற்றிவிடுவது நல்லது. பாகத்தின் விலை சொற்பம், இன்னொரு முறை ஏற்றி இறக்கும் கூலிதான் பெரிது. பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். எத்தனை பைப் ஏறியது, எத்தனை இறங்கியது, எது புதிது என்று அங்கேயே நோட்டில் எழுதுங்கள்.

பைப்பை மறுபடி இறக்கும் முன் போரைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். ஆறு இஞ்ச் போரில் ஒரு மீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் தண்ணீர் நிற்கும். 30 மீட்டர் தண்ணீர் நின்றால் 100 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். திறந்து நாளான மூட்டை வேண்டாம், வீரியம் போயிருக்கும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் போருக்குள் ஊற்றுங்கள். பைப்பை இறக்கித் தலையை மாட்டி, குளோரின் வாசம் வரும்வரை அடித்து, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். மறுநாள் வாசம் போகும்வரை அடித்து வெளியே விட்ட பிறகுதான் குடிக்க எடுக்க வேண்டும். அந்த ஒரு நாள் தண்ணீருக்கு மாற்று ஏற்பாட்டை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிளீச்சிங் பவுடர் கிருமிக்குத்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஃபுளோரைடு பிரச்சினை உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட ஃபுளோரைடின் அளவு கூடத்தான் செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் உள்ளன. வருஷம் ஒருமுறை மாதிரி கொடுத்து, முடிவையும் நோட்டில் ஒட்டிவிடுங்கள்.

காசு

குடிநீர் ஊராட்சியின் பொறுப்பு. அதை ஊர் மக்கள் தங்கள் தலையில் முழுசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பைப், சிலிண்டர், மேடை மாதிரி பெரிய செலவை ஊராட்சியிடமே கேளுங்கள். கிராம சபையில் வாயால் சொல்லிவிட்டு வராமல் தீர்மானமாக எழுத வையுங்கள். கூடவே உங்கள் நோட்டில் உள்ள நான்கு மாத எண்ணையும் வாசியுங்கள், வெறும் புகாரைவிட அதற்கு மதிப்பு அதிகம். நடக்கவில்லை என்றால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் மனு, அதற்கும் மேலே கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம், அல்லது முதல்வர் உதவி எண் 1100. மனு ரசீதை நோட்டிலேயே பின் செய்து வையுங்கள்.

கிரீஸ், நட்டு, வாஷர், ஃபிட்டரின் பஸ் செலவு போன்ற சில்லறைக்கு ஊரில் ஒரு சின்ன நிதி இருந்தால் காத்திருக்க வேண்டாம். 40 வீடு மாதம் 10 ரூபாய் போட்டால் வருஷத்துக்கு 4,800 ரூபாய். கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி ஒரே வாரத்தில் சேர்கிற ஊரில் இது ஒரு தொகையே இல்லை. மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கில் வைத்தால் வரவு செலவு தானாகவே எழுத்தில் வந்துவிடும்.

கைவிடும் போர்

சில போர் வற்றிவிடும், சிலவற்றில் பைப் விழுந்து மீட்க முடியாமல் போகும். சில இடங்களில் அடிபம்புத் தலையைக் கழற்றிவிட்டு மோட்டாரை இறக்கி சின்டெக்ஸ் தொட்டி வைப்பார்கள், பிறகு அந்த மோட்டாரும் போய்விடும். நன்றாக ஓடும் அடிபம்பைக் கழற்றி மோட்டார் வைக்க யாராவது வந்தால், ஊரில் வேறு அடிபம்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

எந்தக் காரணத்துக்காகத் தலையைக் கழற்றினாலும் போரின் வாய் ஒரு ராத்திரிகூடத் திறந்திருக்கக் கூடாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட போரில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது. வேலை பாதியில் நின்றால் இரும்புத் தகட்டை போல்ட்டு போட்டு மூடுங்கள். கல்லையோ சாக்கையோ வைத்துவிட்டுப் போகக் கூடாது. போரை நிரந்தரமாகக் கைவிடுவதென்றால் அடியிலிருந்து தரைமட்டம்வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லியிருக்கிறது. அதைச் செய்ய வேண்டியது ஊராட்சி. நிரப்பி முடித்ததைக் கண்ணால் பார்த்து, தேதியைப் போட்டு, அந்தப் பம்புக்கான பக்கத்தை நோட்டில் மூடுங்கள்.